இருபத்தாறாவது பெட்டி

பாகு காயும் வாசனை எங்கள் வகுப்பறைக்குள் மூன்றாவது பீரியடில்தான் வரும். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கடலை மிட்டாய் போடுகிற வீடு ஒன்று இருந்தது. காலையில் வறுத்த கடலையைத் தோல் நீக்கிப் புடைத்து வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு மண்டை வெல்லத்தைச் சட்டியில் போட்டுக் காய்ச்சத் தொடங்குவார்கள். அந்த வாசனை ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நுழைந்து நாற்பத்தொரு பெண்பிள்ளைகளின் நாக்கிலும் எச்சில் ஊற வைக்கும் அதே நேரத்தில்தான் எங்களுக்குக் கணக்கு வகுப்பும் நடக்கும். அதனால் கோவில்பட்டியில் நான் படித்த ஒன்பதாம் வகுப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வகுத்தல் கணக்கு இனிப்பாகத்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருஷம் எங்களை ஒரு விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "கூட்ஸ்". பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற ரயில் பாதையில் போகும் சரக்கு வண்டிகளைப் பார்த்து வைத்த பெயர். யாராவது ஒருத்தி ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண்ணைச் சொல்வாள், அது "இஞ்சின்"; அதையே முதல் பெட்டியாகக் கணக்கு வைப்போம். அடுத்தவள் அதன் பின்னால் ஓர் இலக்கத்தை மாட்ட வேண்டும். அப்போது கிடைக்கிற இரண்டு இலக்க எண் இரண்டால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். மூன்றாவது இலக்கத்தை மாட்டினால் மொத்த எண்ணும் மூன்றால் வகுபட வேண்டும், நான்காவதை மாட்டினால் நான்கால், ஐந்தாவதை மாட்டினால் ஐந்தால். இப்படியே ஒவ்வொரு பெட்டியாகப் போக வேண்டும். ஏழு என்றால் எழுபத்திரண்டு, அடுத்து எழுநூற்று இருபத்து மூன்று, அடுத்து ஏழாயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு. எவளால் பெட்டி மாட்ட முடியவில்லையோ அவள் தோற்றவள்.

விளையாட விளையாட அந்த வண்டிகளின் குணங்கள் எங்களுக்குப் பிடிபட்டன. இரட்டைப்படைப் பெட்டிகளில் எப்போதும் இரட்டைப்படை இலக்கம்தான் உட்காரும். ஐந்தாவது பெட்டியில் பூஜ்யமோ ஐந்தோ தவிர வேறு எதற்கும் இடமில்லை. பத்தாவது பெட்டி எப்போதும் பூஜ்யம். அதை நாங்கள் "காலிப் பெட்டி" என்போம். பத்து வரைக்கும் யாருமே தோற்க முடியாது, ஏனென்றால் பூஜ்யம் முதல் ஒன்பது வரை உள்ள பத்து இலக்கங்களில் ஒன்றாவது பொருந்தியே தீரும். பதினொன்றாவது பெட்டியில்தான் முதல் ஆபத்து. சில வண்டிகளுக்கு அங்கே "பத்து" தேவைப்படும். ஒரு பெட்டியில் ஓர் இலக்கம்தான் ஏறலாம் என்பதால் வண்டி அங்கேயே நின்றுவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதினான்கு, பதினைந்து பெட்டி வரை ஓட்டியவளை ராணி மாதிரி பார்ப்போம்.

இந்த விளையாட்டில் யாராலும் ஜெயிக்க முடியாதவள் என் பெஞ்சிலேயே, மூன்றாவது பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த முத்துமாரி. பசுவந்தனைக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பாவுக்கு எண்பது, தொண்ணூறு செம்மறி ஆடுகளும் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருந்தன. மாரி அதிகம் பேசமாட்டாள். நாங்கள் தாள் எடுத்து மேலே கீழே எழுதி, அடித்து, திரும்ப வகுத்து மல்லாடிக்கொண்டிருக்கையில், அவள் எண்ணை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்த்துவிட்டு, உதட்டை லேசாக அசைத்து, "நாலு போடு" என்பாள். நாங்கள் வகுத்து முடிக்கும்போது அது நாலாகத்தான் இருக்கும்.

அந்தத் திறமைதான் அவளைச் சிக்கலில் கொண்டுபோய் விட்டது.

காலாண்டுத் தேர்வில் வகுபடுதன்மை பற்றிப் பெரிய கேள்விகள் வந்தன. மாரி எல்லாவற்றுக்கும் விடையை மட்டும் எழுதியிருந்தாள். வழிமுறை ஒரு வரிகூட இல்லை. அவள் விடைகளும் என் விடைகளும் ஒன்றாக இருந்தன. இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துதான் தேர்வும் எழுதியிருந்தோம். எங்கள் கணக்கு டீச்சர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, மாரியின் தாளில் ஒரு பூஜ்யம் போட்டார். பிறகு என்னை எழுப்பி, "செண்பகம், இவ உன் பேப்பரைப் பார்த்தாளா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது என்பதும் தெரியும். ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்த்த பயத்தில், எங்கே நானும் சேர்ந்து மாட்டிக்கொள்வேனோ என்ற நடுக்கத்தில், "தெரியலை டீச்சர்" என்று சொன்னேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்லி உட்கார்ந்தபோது மாரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் அவள் அப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்ட அந்த மனிதர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "களவாங்குததுக்கா பஸ்ஸேத்தி விட்டேன்? போதும் தாயி. வா, வீட்டுக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார். மாரி பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் மூன்றாவது பெஞ்சின் அந்த முனை காலியாகவே கிடந்தது. கூட்ஸ் விளையாட யாருக்கும் மனசு வரவில்லை.

சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "பஞ்சர் எங்கனன்னு தெரிஞ்சிட்டுல்லா? பெறவு என்ன முழிக்க? போய் ஒட்டு" என்றார். சனிக்கிழமை காலையில் அவரே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து மாரியின் ஊருக்குப் போகிற வண்டிப் பாதையில் பத்து அடி நடப்பதற்குள் கரிசல் மண் செருப்பில் அப்பி, நான் அரை அடி உயரம் கூடிவிட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தபோது, மாரி ஊருக்கு வெளியே ஆட்டுப்பட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பா படலைக் கொஞ்சமாகத் திறந்துவிட, ஆடுகள் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தன. மாரி உதட்டை அசைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது கையைத் தூக்கினாள். அவர் ஒரு கல்லைத் தரையில் போட்டார். எல்லா ஆடும் வந்த பிறகு அவள், "ஏழு" என்றாள். அவர் கற்களைப் பார்த்து, "நாலு கல்லு. சரி, எல்லாம் இருக்கு" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனார்.

"அது என்னட்டி ஏழு?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன், ஆனால் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"இருபது ஆனதும் அப்பா ஒரு கல்லு போட்டுருவாவ. அது அவிய கணக்கு. எனக்கு மிச்சம் மட்டுந்தான். இருபதை மனசுல வச்சிருந்தா அடுத்தத எண்ண முடியாதுல்லா? அதான் எறக்கி வச்சிருவேன்" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே மண்டைக்குள் விளக்கு எரிந்தது. வகுத்தல் கணக்கில் நாங்கள் எல்லோரும் ஈவை எழுதி, பெருக்கி, கழித்து, மேலிருந்து இலக்கம் இறக்கி, தாளை நிரப்பிக்கொண்டிருந்தோம். மாரி ஈவைத் தொடுவதே இல்லை. ஒவ்வோர் இலக்கமாகப் போய், மீதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் இறக்கி வைத்துவிடுவாள். வழிமுறை இல்லாமல் அவள் எழுதவில்லை. எழுதுவதற்கு அவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

"நீ பாக்கலைன்னு எனக்குத் தெரியும், மாரி. பயத்துல தெரியலைன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"நீ பயந்தது எனக்கும் தெரியும்" என்றாள். பிறகு, "செருப்பக் கழுவிக்கிட்டு வா. கம்பங்கூழு இருக்கு" என்றாள். கூழைக் குடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பாவிடமும் நானே சொல்லிக் கேட்டுக்கொண்டதால், திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் டீச்சர் முன்னால் நின்றோம்: மாரி, அவள் அப்பா, நான். நான் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை முழுசாகச் சொல்லி முடித்தேன். டீச்சர் எங்களை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், கரும்பலகையில் 482615 என்று எழுதி, "பதினேழால் வகுத்தா மீதி என்ன? வாயாலயே சொல்லு" என்றார்.

மாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பலகையை இடமிருந்து வலமாகப் பார்த்தபடி, இந்தத் தடவை சத்தமாகச் சொன்னாள்: "நாலு, பதினாலு, ஆறு, பதினஞ்சு, பதினஞ்சு, ரெண்டு. மீதி ரெண்டு, டீச்சர்."

நாற்பத்தெட்டில் முப்பத்துநான்கு போகப் பதினாலு, அதன் பின்னால் இரண்டைச் சேர்த்தால் நூற்று நாற்பத்திரண்டு, அதில் மீதி ஆறு, இப்படியே கடைசி வரை. டீச்சர் சாக்பீஸை எடுத்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் வகுக்கத் தொடங்கினார். பலகையில் பாதி நிரம்பியது. கடைசியில் வந்தது இரண்டு. அடுத்ததாகப் பத்து இலக்க எண் ஒன்றை எழுதிப் பத்தொன்பதால் வகுக்கச் சொன்னார். அதற்கும் மாரி மீதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். வாசலில் நின்ற அவள் அப்பாவுக்குப் பலகையில் இருந்ததை வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்கிற தாளம் தெரியும். பட்டிக்கு முன்னால் தினமும் கேட்கிற தாளம் அது. அவர் முகம் மெல்ல விரிந்ததை நான் பார்த்தேன்.

"ஈவு எங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"மீதிதான டீச்சர் கேட்டீங்க?" என்றாள் மாரி. கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது, டீச்சரும் சிரித்துவிட்டார். அவர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. தேர்வுத் தாளை எடுத்து, அந்தப் பூஜ்யத்தை அடித்து, மார்க்கைப் போட்டு, அதன் கீழே கையெழுத்தும் போட்டு, மாரியின் அப்பாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் அந்தப் பெரிய வாக்குவாதம் வந்தது. கூட்ஸ் வண்டிக்கு முடிவு உண்டா, இல்லையா? எனக்குச் சந்தேகமே இல்லை. எண்களுக்கு முடிவு கிடையாது. ஒரு வண்டி நின்றால் இன்னொரு வண்டி போகும். எத்தனையோ ஆயிரம் வண்டிகளில் ஏதோ ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்றேன். மாரி தலையை ஆட்டினாள்.

"எல்லாம் நின்னுரும், செண்பகா. நம்மகிட்ட இருக்கது பத்தே எண்ணு. பதினோராவது பெட்டியில பதினோரு வண்டிக்கு ஒண்ணு நிக்கும். இருபதாவது பெட்டிக்கு வந்தா பாதி வண்டி நின்னுரும். நூறாவதுக்கு எவன் போனாலும் பத்துல ஒண்ணுதான் தேறும். பெட்டி பெருசாகிட்டே போவுது, நம்ம கையி அதே கையிதான? பெறவு எப்பிடி ஓடும்?"

தோற்றவள் ஜெயித்தவளின் பையை வருஷக் கடைசி வரை பஸ் நிறுத்தத்துக்குச் சுமக்க வேண்டும் என்று பந்தயம் கட்டினோம். ஆனால் எப்படித் தீர்ப்பது? அதற்கும் வழி சொன்னவள் மாரிதான். வகுப்பில் ஒன்பது பெஞ்ச் இருக்கிறது. இஞ்சினும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பதுதான். முதல் பெஞ்ச் ஒன்றில் தொடங்குகிற எல்லா வண்டிகளையும் ஓட்டட்டும், இரண்டாவது பெஞ்ச் இரண்டில் தொடங்குகிறவற்றை. ஒரு வண்டியையும் விடக்கூடாது. எல்லாம் நிற்கும் வரை, அல்லது ஏதாவது ஒன்று நிற்கவே நிற்காது என்று தெரிகிற வரை.

நாற்பத்தொரு பெண்களும் இதற்கு எப்படிச் சம்மதித்தோம் என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மாரி எல்லோருக்கும் தன் மீதிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வாரத்தில் வகுப்பு முழுக்க உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. டீச்சர் ஆபீஸ் அறையிலிருந்து "ஒருபக்கத் தாள்" கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய தேர்வுத் தாள்கள், பின்பக்கம் வெறுமையாக இருப்பவை. ஒரு பெஞ்ச் கண்டுபிடித்த வண்டியை இன்னொரு பெஞ்ச் சரிபார்க்க வேண்டும் என்றும், சரிபார்த்தவள் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் டீச்சர் விதி வைத்தார்.

ஐப்பசி மழை வந்தது. வெளியூர்ப் பிள்ளைகளின் பஸ்கள் சேற்றில் மாட்டித் தாமதமாயின. அவர்கள் தாள்களைப் பால் கவரில் சுற்றிப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்கள். என் அம்மா, "எண்ணு எங்க போயி முடியும்னு ஊருல எவளாவது தேடுவாளா? நீ மொதல்ல அந்தக் கொடத்தத் தூக்கு" என்பாள், குடத்தைத் தூக்கும்போதும் நான் பதின்மூன்றால் வகுத்துக்கொண்டிருப்பேன். எட்டு, ஒன்பது பெட்டிகளில் வண்டிகள் ஈசல் மாதிரி பெருகின. ஒன்பது பெட்டி வண்டிகளும் பத்துப் பெட்டி வண்டிகளும் எண்ணிக்கையில் அச்சாக ஒன்றாக இருந்ததைப் பார்த்து முதலில் தப்பு என்று நினைத்தோம். காலிப் பெட்டி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்வதால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாரி சொன்னதும் பெருமையாகிவிட்டது. பதினொன்றிலிருந்து குறையத் தொடங்கியது. அரையாண்டு முடிந்து வந்தபோது பதினாறைத் தாண்டியிருந்தோம். வண்டிகள் நிற்க நிற்க, எனக்குள் ஏதோ குறைந்துகொண்டே வந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஐந்தாவது பெஞ்ச் கூச்சல் போட்டது. இருபத்தேழு பெட்டி! நான் பெஞ்ச் மேல் ஏறிக் குதித்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாங்கிய கடலை மிட்டாயை ஐந்தாவது பெஞ்சுக்காரிகள் எல்லோருக்கும் விநியோகித்தார்கள். மாரியும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே தாளைப் பார்த்தாள். பதினான்காவது பெட்டி வரை போனதும் மெல்லுவதை நிறுத்தினாள். "இது ஏழால போவலையே" என்றாள். ஏழால் போகாதது பதினாலால் எப்படிப் போகும்? அங்கேயே நின்றிருக்க வேண்டிய வண்டியை யாரோ அவசரத்தில் தள்ளி ஓட்டிவிட்டார்கள். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தவள் நான்தான். வகுப்பே என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. "மிட்டாயத் திருப்பிக் கொடுக்க முடியாது" என்று மாரி சொன்னதும் நானும் சிரித்துவிட்டேன்.

மாசி பிறந்தபோது மொத்தம் மூன்றே மூன்று வண்டிகள் மிச்சம் இருந்தன. மூன்றுக்கும் இருபத்துநான்கு பெட்டிகள். ஒன்று முதல் பெஞ்சினுடையது, ஒன்று நான்காவது பெஞ்சினுடையது, ஒன்று எங்களுடையது. டீச்சர் மூன்றையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள்.

இருபத்தைந்தாவது பெட்டிக்கு வகுத்துப் பார்க்கவே தேவையில்லை. இருபத்தைந்தால் வகுபடும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பூஜ்யம் பூஜ்யம், இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். முதல் பெஞ்சின் வண்டியும் நான்காவது பெஞ்சின் வண்டியும் ஆறில் முடிந்தன. ஆறுக்குப் பின்னால் எதை மாட்டினாலும் ஆகாது. இரண்டும் ஒரே நொடியில் நின்றன. எங்கள் வண்டி இரண்டில் முடிந்திருந்தது. இரண்டுக்குப் பின்னால் ஐந்து. நானே எழுந்துபோய் அதைப் பலகையில் எழுதினேன்:

3608528850368400786036725

இருபத்தைந்து பெட்டிகள். உலகத்தில் இருக்கிற எல்லா வண்டிகளிலும் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இது ஓடினால் நான் ஜெயித்தேன். சாக்பீஸை மாரியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, இருபத்தாறால் வகுத்தபடி இலக்கம் இலக்கமாகப் போனாள். நாற்பது பேரும் கூடவே உதட்டை அசைத்தோம்.

"மீதி ஒம்பது" என்றாள் மாரி. "பின்னால பூஜ்யத்தப் போட்டா தொண்ணூறு. எழுபத்தெட்டு போவ பன்னெண்டு. இருபத்தாறு ஆவணும்னா இன்னும் பதினாலு வேணும்."

பதினாலு. ஒரு பெட்டியில் பதினாலு ஏறாது. வண்டி நின்றுவிட்டது.

எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதற்குப் பதிலாக அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு பொங்கி வந்தது. முடிவே இல்லாத எண்களின் கூட்டத்தில் இந்த ஓர் எண் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட ஒரு பெட்டி கூட ஓடியிருக்கிறது. அதற்கு மேல் எதுவுமே இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். சொல்லிக்கேட்டு அல்ல, புத்தகத்தில் பார்த்து அல்ல. போகக்கூடிய ஒவ்வொரு வழியிலும் போய்ப் பார்த்துத் தெரியும். முதலில் கைதட்டியது டீச்சர். அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் ஹெட்மிஸ்ட்ரஸே ஓடிவந்தார். அன்று சாயங்காலம் மாரியின் பையை நான் சுமந்தேன். ஆண்டுத் தேர்வு வரைக்கும் சுமந்தேன். அத்தனை நாளும் அவள் என் பக்கத்தில் வெறும் கையை வீசிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். அதிகம் பேசாதவள் என்று ஊரே நினைத்திருந்த பெண்!

இதெல்லாம் நடந்து முப்பது வருஷம் நெருங்குகிறது. நான் இப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற என் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் மடிக்கணினியைத் திறந்து பத்து வரி எழுதித் தட்டினாள். நான் கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் திரையின் கடைசி வரியில் அந்த எண் வந்து நின்றது. இருபத்தைந்து இலக்கம், அது ஒன்றே ஒன்று. மொத்த வண்டிகள் இருபதாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு என்றும் காட்டியது. அந்த வருஷக் கடைசியில் டீச்சர் கூட்டிச் சொன்ன எண்ணிக்கை எனக்கு மறக்கவில்லை: இருபதாயிரத்து நானூற்று ஐம்பத்தொன்று. ஐந்து வண்டிகளை எங்கோ தவறவிட்டிருக்கிறோம். நல்லவேளை, தவறவிட்டது எதுவும் தூரம் போகிற வண்டி இல்லை. உலகத்தில் கணக்குப் படித்தவர்களுக்கு இந்த எண் நன்றாகத் தெரியும் என்றும் மகள் சொன்னாள். நாங்கள் முதலில் கண்டுபிடித்தவர்கள் இல்லை. அதனால் என்ன?

பொங்கலுக்குக் கோவில்பட்டி போனபோது பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. பெஞ்சுகள் போய் ஒற்றை ஒற்றை நாற்காலிகள் வந்துவிட்டன. எங்கள் தாள் கட்டுகள் பல வருஷம் அலமாரியில் இருந்ததாகவும், கட்டடத்தை இடித்தபோது கரையான் அரித்துக் கிடந்ததைக் குப்பையோடு அள்ளிவிட்டதாகவும் காவலாளி சொன்னார். டீச்சர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. இருபதாயிரம் வகுத்தல்களில் ஒன்றைக்கூட இனி யாரும் பார்க்க முடியாது.

மாரி குளத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மிளகாயும் உளுந்தும் போட்டுக்கொண்டிருக்கிறாள். மகள் தட்டிப் பார்த்த அன்றைக்கே அவளுக்குப் போன் பண்ணினேன். இருபத்தைந்தோடு நிற்பது சரிதானாம், நீ அன்றைக்குச் சொன்னது அப்படியே வந்துவிட்டது என்றேன். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்றுதான் கேட்டாள்.

"நாளா? கண்ண மூடித் தொறக்குததுக்குள்ள முடிஞ்சிட்டு."

நிஜமான இரக்கத்தோடு மாரி சொன்னாள்: "அவ்வளவுதானா? அப்போ அதுக்கு ஒரு சந்தோசமும் கெடச்சிருக்காதேட்டி, பாவம்."